பத்திரத்தின் பின்பக்கம் எங்கே?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். தலைப்பு: போனில் எடுத்த படங்களைப் பிடிஎஃப் ஆக்குவது எப்படி?)

செயலாளர் சார் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருப்பதால், பதினாறாவது நிமிடம் யாரும் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"படத்தைப் பிடிஎஃப் ஆக்க ஒரு கூட்டமா, என் பேத்தி ரெண்டு நிமிஷத்தில் செய்வாளே" என்று லிஃப்டில் ஒரு மாமா கேட்டார். செய்வாள்தான். நானும் இரண்டு நிமிடத்தில்தான் செய்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் என் மாமனார் தவறிவிட்டார். வீட்டு வரியை மாமியார் பெயருக்கு மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தோம். கிரயப் பத்திரத்தைப் பிடிஎஃப்பாக ஏற்றச் சொன்னார்கள். அசல், வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருந்தது. மாமனார் ரொம்பக் கவனமான மனிதர். வங்கியில் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைத்திருந்தார். மொத்தம் 22 படங்கள். எனக்கு நிம்மதி. எல்லாவற்றையும் தேடி எடுத்து, இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒரு இலவசத் தளத்தில் போட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம், பிறகு பதினொன்று. பதிவு அலுவலக முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு கறை. எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தளத்தின் பெயர் சாய்வாக அச்சாகியிருந்தது. கடைசியாக அவர் கேட்டதுதான் எனக்கு மறக்காத கேள்வி: "பத்திரத்தின் பின்பக்கம் எங்கேம்மா?"

முத்திரைத்தாளின் முன்பக்கத்தில் எழுத்து இருக்கும். பதிவு செய்த விவரமெல்லாம், அதாவது யார் தாக்கல் செய்தார், கைரேகை, சாட்சிகள், ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் கையெழுத்து, இவை பழைய பத்திரங்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். மாமனார் பின்பக்கத்தைப் படம் எடுக்கவே இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் எடுத்திருக்க மாட்டோம் என்று பந்தயம் கட்டுவேன். இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் போனில் பாருங்கள்.

பிறகு வில்லங்கச் சான்று போட்டு அதிலிருந்து ஆவண எண்ணை எடுத்து, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, முதலிலிருந்து எல்லாம் செய்தோம். அந்த நாட்களில் மாமியார் தினமும் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டதுதான் எனக்கு அலுவலக அலைச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் கவலைப்பட்டது வரி ரசீதுக்காக இல்லை. வீடு இனி தன்னுடையதுதானா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இதே மண்ணுக்கு மூன்று மாவட்டப் பெயர். தாய்ப்பத்திரம் பழையது என்றால் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கும். 1997 ஜூலைக்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டம். முத்திரையில் உள்ள எழுத்து தெளிவாக இல்லாவிட்டால், "இது எந்த ஊர்ப் பத்திரம்" என்று கேட்பவரிடம் வாயால் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

சரி, பிடிஎஃப் என்றால் என்ன? ஒரு கவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கவருக்குள் தாள்களை வரிசையாக வைத்து ஒட்டுகிறோம். படத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது ஒவ்வொரு படமும் ஒரு பக்கமாக அந்தக் கவருக்குள் போகிறது, அவ்வளவுதான். மங்கலான படம் கவருக்குள் போய் தெளிவாகிவிடாது. அடோப் நிறுவனம் இதை 1993-இல் கொண்டுவந்தது. 2008-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இதைத் தரமாக ஏற்றது. அதனால்தான் எந்த அலுவலகமும் எந்த நாட்டுக்காரரும் இதைக் கேட்கிறார்கள்: யார் திறந்தாலும் அதே வரிசை, அதே அளவு, அதே பக்கம்.

சிலர் கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள ஜேபிஜி என்பதை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று எழுதி அனுப்புகிறார்கள். சாம்பார்ப் பொடி டப்பாவில் 'காபித்தூள்' என்று சீட்டு ஒட்டினால் காபி வருமா? கோப்பைத் திறக்கும் கணினி பெயரை நம்பாது, உள்ளே முதல் சில எழுத்துகளைப் பார்த்தே அது என்னவென்று தெரிந்துகொள்ளும்.

ஆகவே முக்கால் வேலை படம் எடுப்பதில்தான். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம்முடையது கடலோர ஊர். கோவளம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் ஒரே வருடத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிடும். முதலில் அவற்றை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். பத்திரம் நூலால் தைத்திருந்தால் மட்டும் பிரிக்க வேண்டாம், விரித்து வைத்தே எடுக்கலாம். தாளை மேசையில் கருப்பு அல்லது அடர்நிறத் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். அப்போதுதான் ஆப் தாளின் ஓரத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று எடுத்தால் உங்கள் தலை நிழல் விழும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். லேமினேட் செய்தவர்களுக்குத்தான் ரொம்பச் சிரமம், எங்கே திருப்பினாலும் பளபளக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். இனிமேல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஸ்கேன் ஆப்கள் எல்லாமே 'கருப்பு வெள்ளை' என்று ஒன்றைக் காட்டும். எழுத்து பளிச்சென்று தெரியும், கோப்பும் சின்னதாக இருக்கும். ஆனால் ஊதா மையில் உள்ள முத்திரையும் வெளிறிய கைரேகையும் அதில் காணாமல் போய்விடும். பத்திரத்துக்குக் கலரை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டண ரசீதுக்குக் கருப்பு வெள்ளை தாராளமாகப் போதும்.

முத்திரைத்தாள் சாதாரண ஏ4 தாளைவிட நீளம். பக்க அளவை ஏ4 என்று கட்டாயப்படுத்தினால் சில ஆப்கள் கீழ் ஓரத்தை வெட்டிவிடும். அங்கேதான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது. 'ஆட்டோ' அல்லது 'ஃபிட்' என்று விட்டுவிடுங்கள். விண்டோஸ் கணினியில் படங்களைத் தேர்ந்து, பிரிண்ட் கொடுத்து 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகச் செய்பவர்கள், கீழே உள்ள 'ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்' டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கேயும் ஓரம் போய்விடும்.

போனில் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் ஆப்பில் கேமரா பட்டனை அழுத்தினால் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகவே வைக்கும். ஐபோனில் 'நோட்ஸ்' ஆப்பிலும் 'ஃபைல்ஸ்' ஆப்பிலும் ஸ்கேன் இருக்கிறது. ஏற்கெனவே எடுத்த படங்கள் என்றால் 'ஃபைல்ஸ்' ஆப்பில் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்து 'கிரியேட் பிடிஎஃப்' கொடுக்கலாம். நான் கெடுத்துக்கொண்ட பக்க வரிசைக்கு மருந்து எளிது. படங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைக்காமல் 01, 02, 03 என்று வையுங்கள். பல மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐத்தான் எடுக்கும், அகராதி மாதிரி. முன்பக்கம் 01, அதன் பின்பக்கம் 02. பின்பக்கம் வெற்றாக இருந்தாலும் முதல் தாளுக்கு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. போன் கேமராவில் ஒரு படம் 3 எம்பி வரும். 22 பக்கம் என்றால் 66 எம்பி. நான் ஏற்ற வேண்டிய இடத்தில் 5 எம்பிக்கு மேல் வாங்காது. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 220 கேபி சொச்சம். ஏ4 பக்கத்தை 200 டிபிஐயில் வைத்தால் 1654-க்கு 2339 புள்ளிகள். படிக்கவும் அச்சடிக்கவும் அது தாராளம். ஆனால் முதலில் முழு அளவில் ஒரு பிடிஎஃப் செய்து பத்திரமாக வைத்துவிட்டு, அதிலிருந்து சின்னதாக இன்னொன்று செய்து ஏற்றுங்கள். சின்னதாக்கியதை மறுபடி பெரிதாக்க முடியாது. மாமனார் விஷயத்தில் நடந்தது இதுதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், போன் மாறியபோது மூலப்படம் போய்விட்டது, குரூப்பில் மிஞ்சியது சுருங்கிய படம். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள், சுருக்காது.

இப்போது கொஞ்சம் கடிந்து பேசப் போகிறேன், மன்னிக்கவும். நம் பிளாக் குரூப்பிலேயே, வாடகைக்கு வருபவர்களின் ஆதார் படம் முன்னும் பின்னுமாக எத்தனை கிடக்கிறது தெரியுமா? எண்ணினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னொரு பக்கம், நான் செய்தது போல, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவசத் தளத்துக்குப் பத்திரத்தையும் பான் கார்டையும் அனுப்பிவிடுகிறோம். கோப்பு நம் போனில் மாறுவதில்லை, அவர்கள் கணினிக்குப் போய் மாறித் திரும்பி வருகிறது. இப்படிப்பட்ட இலவச மாற்றுத் தளங்கள் சிலவற்றில் மோசடிக் கும்பல்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் கிளை எச்சரித்தது. 2020 ஜூனில் நம் அரசு தடை செய்த 59 ஆப்களில், நம்மில் பலர் வைத்திருந்த ஒரு ஸ்கேன் ஆப்பும் இருந்தது நினைவிருக்கும். போனிலேயே செய்ய வழி இருக்கும்போது வெளியே அனுப்ப வேண்டியதே இல்லை. ஆதாருக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பிடிஎஃப்பை ஆதார் ஆணையத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

எண்ணை நீங்களே மறைப்பதானால் ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் ஆன பிறகு அதன்மேல் கருப்புக் கட்டம் வரைந்தால், பல நேரம் அந்தக் கட்டத்தைத் தனியே நகர்த்திவிடலாம். போன் மார்க்கர் கருப்பாகத் தெரிந்தாலும் கொஞ்சம் ஒளி ஊடுருவும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரியும். தாளில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். பழைய வழி, ஆனால் யாராலும் பிரிக்க முடியாது.

சங்கத்தின் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டட அனுமதி வரைபடம், பணி முடிப்புச் சான்று, லிஃப்ட் உரிமம், கழிவுநீர் நிலைய அனுமதி, பில்டர் ஒப்படைத்த பட்டியல், பொதுக்குழு நடவடிக்கைப் புத்தகம். இவை இப்போது யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால், மூன்று முன்னாள் செயலாளர்களின் மூன்று போன்களில் என்பதுதான் பதில். ஒருவர் பெங்களூரு போய்விட்டார். பெரிய வரைபடத்தைப் போனில் எடுத்தால் அளவு எண்கள் படிக்க வராது, பெரிய தாள் ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடையில்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்று இங்கேயே முன்மொழிகிறேன், செயலாளர் சார் குறித்துக்கொள்ளவும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு பீரோவோடு பத்திரமும் சான்றிதழும் நனைந்து போயின. பிறகு அரசு முகாம் போட்டு நகல் சான்றிதழ் கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது ஃபைல் பையைத்தான். பிடிஎஃப் அசலுக்கு ஈடு ஆகாது. ஆனால் ஆவண எண்ணும் ஆண்டும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரும் அதில் தெளிவாக இருந்தால், நகல் கேட்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதாவது தெரியும்.

கடன் முடித்தவர்களுக்கு ஒன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கையில் வாங்கிய அன்றே, பீரோவில் வைக்கும் முன், இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். இன்னும் அசலைக் கொடுக்காதவர்கள் கொடுக்கும் முன்பே எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'ஸ்கேன் 1' என்று வைக்காமல், வீட்டு எண், ஆவணத்தின் வகை, ஆண்டு இவை பெயரிலேயே இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மாமனாரின் போன் பூட்டைத் திறக்கவே எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து கிளப் ஹவுஸில் நானும் சி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். உங்கள் பத்திரத்தை நாங்கள் தொட மாட்டோம், எங்கள் போனிலும் எடுக்க மாட்டோம். உங்கள் போன், உங்கள் கை, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்போம். கருப்புத் துணி எங்களிடம் இருக்கிறது. லேமினேட் செய்தவர்கள் மட்டும் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதுவரைதான் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்.