வட்டத்தை விடுங்க, கோட்டைப் பாருங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் பபிள்மேப்ஸ் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, “ப்ரோ, ஒரு வட்டம் இவ்ளோ பெருசா இருக்கே, ஸ்கேமா?”ன்னு கேட்டிருந்தீங்க.

ஒவ்வொரு வட்டமும் ஒரு வாலெட். பெருசுன்னா அதுல டோக்கன் அதிகம், அவ்வளவுதான். அது எக்ஸ்சேஞ்சோட வாலெட்டா இருந்தா, ஆயிரக்கணக்கான பேரோட டோக்கன் அதுக்குள்ள இருக்கும். கவனிக்க வேண்டியது கோடு. ரெண்டு வாலெட்டுக்கு நடுவுல டோக்கன் கைமாறியிருந்தா கோடு விழும். குட்டிக் குட்டியா 40 வட்டம் ஒரே கொத்தா கோர்த்துக்கிட்டு நின்னா, அது 40 பேர் இல்ல. அநேகமா ஒரே ஆள்.

2025 பிப்ரவரி 14, அர்ஜென்டினா அதிபர் மிலேய் லிப்ரா டோக்கன் பத்தி எக்ஸ்ல பதிவு போட்டார். மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டுச்சு. சில மணி நேரத்துல சரிஞ்சுது, பதிவையும் அழிச்சுட்டார். 82 சதவீத டோக்கன் ஒரே கொத்துல இருக்குன்னு பபிள்மேப்ஸ் காட்டுச்சு.

நான் கவுந்தது வேற மாதிரி. ஒரு மீம் காயின். மேப்ல ஒரு கோடு கூட இல்ல. நம்பி 18,000 ரூபாய் போட்டேன். காசு போனதுக்கப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன்: அத்தனை வாலெட்டுக்கும் ஒரே நாள்ல, கிட்டத்தட்ட ஒரே தொகை, ஒரே எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வந்திருக்கு. அந்த வழியா வந்தா அனுப்பினது யாருன்னு செயின்ல தெரியாது, வாலெட்டுகளுக்கு நடுவுல கோடும் விழாது.

அது தங்கச்சி லேப்டாப்புக்குன்னு வச்சிருந்த காசு. இந்த எபிசோடைக் கேட்டுத்தான் அவளுக்கே தெரியப் போகுது.