சான்றிதழ், டிப்ளோமா, பட்டம்: எது எந்தப் படி?

(கிள்ளானில் பெற்றோர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சட்டப் பட்டம் வாங்கிய அன்று, எங்கள் தோட்டத்து லயத்தில் அம்மா வீடு வீடாகப் போய், "என் மகன் லாயர் ஆகிட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார். பாவம், அன்று நான் லாயர் இல்லை. என்னுடையது வெளிநாட்டுச் சட்டப் பட்டம். அதற்கு மேல் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும். பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 9 மாதப் பயிற்சி. அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்றம் நம்மை வழக்கறிஞராக ஏற்கும். பட்டம் ஒன்று, தொழில் செய்யும் உரிமை வேறு. ஆறாம் வகுப்பு படித்த என் அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கே பாதி வழியில்தான் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் துப்புரவு வேலை. நகையை அடகு வைத்து, மகனை ஒரு தனியார் கல்லூரியில் இரண்டரை வருடம் படிக்க வைத்தார். பையன் டிப்ளோமா வாங்கினான், அங்கி போட்டுப் படமும் எடுத்துக்கொண்டான். மேற்கொண்டு பட்டப்படிப்புக்கு மனு செய்தபோது, "இந்த டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் எழுதி, கட்டிய பணத்தில் பாதியை வாங்கிக் கொடுத்தேன். அந்த இரண்டரை வருடத்தை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்? சொல்லுங்கள்.

இந்த நிலைமை ஏன் வருகிறது? மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காட்டு இடம் பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10 விழுக்காடுதான் மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு நமக்குத் தெரியும். 2024 ஜூனில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்லது. 7 ஏ, 8 ஏ எடுத்த நம் பிள்ளைகள்? இடம் கிடைக்கவில்லை என்ற கடிதம் வந்த மறுநாளே கல்லூரி ஏஜெண்டு வீட்டு வாசலில் நிற்கிறார். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஒதுக்கீட்டை எதிர்த்து நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதே நேரத்தில், வீட்டுக்குள் ஏமாறாமலும் இருக்க வேண்டும்.

ஆகவே படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007-இல் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை அமைக்கப்பட்டது. நம் நாட்டுத் தகுதிகள் 8 படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. 1, 2, 3 சான்றிதழ்கள். 4 டிப்ளோமா. 5 உயர் டிப்ளோமா. 6 இளங்கலைப் பட்டம். 7 முதுகலை. 8 முனைவர் பட்டம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைக்கு 120 கிரெடிட் படிக்க வேண்டும். ஆறு மாதத்தில் டிப்ளோமா தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது நான்காம் படியாக இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

படிவம் 6 என்றாலே நம்மவர்கள் பயப்படுகிறார்கள். எஸ்.டி.பி.எம். கடினம்தான். ஆனால் அரசாங்கப் பள்ளியில் ஒன்றரை வருடத்தில், குறைந்த செலவில் முடிக்கலாம். உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா இருக்கிறது, சமூகக் கல்லூரியில் சான்றிதழ் இருக்கிறது. தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் இவற்றுக்கு மனு போட்டீர்களா?

அடுத்து, கைத்தொழில். எஸ்.கே.எம். என்றால் "படிப்பு வராத பிள்ளைக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு. எஸ்.கே.எம். 1, 2, 3 அதே ஏணியின் முதல் மூன்று படிகள். அதற்கு மேல் 4-ஆம் படியில் திறன் டிப்ளோமா, 5-ஆம் படியில் உயர் திறன் டிப்ளோமா. அங்கீகாரம் பெற்ற எஸ்.கே.எம். 3, அங்கீகாரமில்லாத "டிப்ளோமா"வைவிட மேலானது.

வேலை செய்யும் பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. பதினைந்து வருடம் வெல்டிங் செய்த அண்ணன், கையில் காகிதம் இல்லாததால் குறைந்த சம்பளத்தில் இருக்கிறார். அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். வழங்கும் முறை திறன் மேம்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. அதுபோல, ஏப்பல் என்ற மதிப்பீட்டின் வழி, துறை சார்ந்த அனுபவம் உள்ளவர்கள் 21 வயதுக்கு மேல் பட்டப்படிப்பில் சேர முயலலாம். வயது போய்விட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: கல்லூரி உயர்கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா? 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டப்படி அது கட்டாயம்.

இரண்டு: கல்லூரிக்கு மட்டுமல்ல, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? எம்.கியூ.ஏ.-வின் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் இணையத்தில் நீங்களே தேடலாம், காசு கிடையாது. தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள்.

மூன்று: சட்டம், மருத்துவம், பொறியியல், தாதிமை என்றால், அந்தத் தொழிலுக்குரிய வாரியமும் இந்தப் படிப்பை ஏற்கிறதா?

"நமக்கு இங்கிலீஷ் தெரியாது, எப்படிக் கேட்பது" என்று தயங்காதீர்கள். மலாயில் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியில் பணம் கட்ட வேண்டாம்.

என் அம்மா இன்று உயிரோடு இல்லை. பட்டத்துக்கும் தொழிலுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு இன்று நான் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் நீங்கள் சொல்லுங்கள்.