சிறைச்சுவரில் ஒலித்த தலைமை



தலைமை என்றவுடன் மேடையும் மாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை ஒன்றுமில்லாத ஒரு தலைவரைப் பற்றியே இன்று பேச எழுந்துள்ளோம்.

அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டொக்டேல் 1965 செப்தெம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழாண்டுகளுக்கு மேல் யுத்தக் கைதியாயிருந்தார். அந்த யுத்தத்தின் நியாய அநியாயம் வேறு விஷயம்; அதனை இங்கு நாம் எடுக்கவில்லை.

ஹனோய்ச் சிறையில் ஒருவரோடொருவர் பேசத் தடை. கைதிகளோ ஆங்கில எழுத்துக்களை ஐந்து வரிசையாகப் பிரித்து, வரிசையையும் இடத்தையும் சுவரில் தட்டித் தட்டியே பேசினார்கள். ஸ்டொக்டேலின் கட்டளைகளும் அவ்வழியே சென்றன: பலர் முன்னிலையில் தலை வணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒப்பாதே, தன்னலத்தினும் ஒற்றுமை பெரிது.

சித்திரவதையில் எவரும் ஓரளவில் தளர்வர் என்பதை அவர் அறிவார், தாமும் தளர்ந்தவரே. ஆதலின், மனிதராற் காக்கக்கூடிய விதிகளையே விதித்தார். தம்மைப் பிரசாரப் படம் பிடிக்கப் போகிறார்களென்று கண்டபோது, சவர அலகினால் தலையைக் கீறி, முக்காலியால் தம் முகத்தைத் தாமே அடித்து வீங்கவைத்தார். பிறர்க்கு விதித்ததைத் தமக்கு முதலில் விதித்துக்கொண்டார் என்பதே நமது எண்ணம்.

அடிபட்டு, வாய்திறந்துவிட்டோமே என்று நாணித் திரும்பும் கைதிக்கு, அடுத்த அறைச் சுவரிலிருந்து தட்டல் கேட்கும். 1973 பெப்ரவரியில் ஸ்டொக்டேல் விடுதலை பெறும்வரை அந்தத் தட்டல் ஓயவில்லை.