பெயரிடும் உரிமை



கூட்டாட்சியைப் பற்றிய பேச்சு எழுங்கால் நிதிப் பங்கீடும் ஆளுநர் அதிகாரமுமே முன்னிற்கின்றன. ஆனால், ஒரு மாநிலம் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ள முடியுமா என்னும் எளிய வினாவிலும் கூட்டாட்சியின் இயல்பு விளங்கிவிடும். முடியாது என்பதே விடை. அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆம் உறுப்பு அவ்வதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு வழங்கியுள்ளது. சட்டமன்றம் கருத்துரைக்கலாம், அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் பயின்று வரும் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் அரசுப் பெயராவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது! 1956-இல் விருதுநகரில் 12 கோரிக்கைகளை முன்வைத்துச் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்தார். அவற்றுள் இப்பெயர் மாற்றமும் ஒன்று. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. பத்தொன்பது நாள் கழித்து மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலையாளிகளுக்குக் கேரளம் என்னும் பெயர் வாய்த்தது. தமிழர்க்கோ ‘மதராஸ்’ என்பதே எஞ்சியது. ஒரு நகரின் பெயரால் ஓர் இனத்தின் நிலம் முழுவதும் வழங்கப்பெற்ற விந்தை அது.

பின்னர் இப்பெயர் மாற்றத்துக்கென மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தவர் வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமையாளர் பூபேஷ் குப்தா. இது தமிழர் மறக்கலாகாத செய்தி. 1963-இல் அதனை ஆதரித்துப் பேசிய அண்ணா, பெயரை மாற்றி அடையப்போவது யாது என்று வினவியோரிடம், அவைகளுக்கு ராஜ்யசபை, லோக்சபை என்று பெயரிட்டு அடைந்தது யாதெனத் திருப்பிக் கேட்டார். எனினும் மசோதா தோற்றது. அவரே முதலமைச்சராகி, 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிய பின்னும் தில்லியின் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அண்ணா மறைந்தார்.

அன்று துணைநின்றவர் பிறந்த வங்கத்தின் பெயரை ‘பங்ளா’ என மாற்ற மேற்கு வங்கச் சட்டமன்றம் 2018-இல் தீர்மானம் நிறைவேற்றியும் அதற்குத் தில்லி இசைவு தரவில்லை.

தலைநகரின் பெயர் மாற்றத்துக்கு இத்தடை இருக்கவில்லை. 1996-இல் மாநில அரசு தன் அதிகாரத்தாலேயே ‘மெட்ராஸ்’ என்பதைச் சென்னை ஆக்கியது. உயர் நீதிமன்றத்தின் பெயரோ மாநிலத்தின் கைக்கு அப்பாற்பட்டது. அதனை மாற்ற 2016-இல் மக்களவையில் வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஆகவே, அங்கு ஆங்கிலத்தில் மனு எழுதும் வழக்கறிஞர், தலைப்பில் ‘மெட்ராஸ்’ உயர் நீதிமன்றம் என்று பொறித்துவிட்டு, அடியில் தம் முகவரியாகச் சென்னை, தமிழ்நாடு என்று எழுதுகிறார்.