ரைஃபிள் நம்பர் 11: ஒரு மில்லிமீட்டர் கதை

இப்போ மைக் பக்கத்துல ஒரு சத்தம் கேட்டிருக்கும். டக், டக். பயப்படாதீங்க, இது சைக்கிள் செயின் கட்டர். செயின்ல இருக்கிற பின்னை வெளிய தள்ளுறதுக்கு சைக்கிள் கடைக்காரர் வெச்சிருப்பாரே, அதான். ஒரு பக்கம் செயினைக் கவ்விப் பிடிக்கும். இன்னொரு பக்கம் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகத் திருக, பின் மெதுவா நகரும். இன்னைக்கு நான் பேசப்போற கருவி கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், ஆனா அது நகர்த்துறது ரைஃபிளோட ஃபோர்சைட்டை. அதுக்குப் பேரு ஃபோர்சைட் கிராம்ப். அதை முதல்முதலா பாத்த அன்னைக்கு எனக்கு ஒரு வருஷக் கோபம் வந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

நான் காலேஜ்ல என்.சி.சி. ரெண்டாவது வருஷ கேம்ப்ல ஃபயரிங். .22 ரைஃபிள், 25 மீட்டர், படுத்துக்கிட்டு சுடணும். எனக்குக் கிடைச்சது எப்பவும் நம்பர் 11. அஞ்சு ரவுண்டு சுட்டா அஞ்சும் ஒரே இடத்துல விழும். ஒரு டீ கப் வாயால மூடிடலாம், அவ்வளவு நெருக்கம். பிரச்சினை என்னன்னா அந்த டீ கப் நடுவுல இல்ல. நடுவுக்கு இடது பக்கம் ஆறு சென்டிமீட்டர் தள்ளி உக்காந்திருந்துச்சு.

அப்ப இருந்த ஸ்டாஃப் டார்கெட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "ட்ரிகரை அழுத்தல, இழுக்குற"ன்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாரு. பொதுவா அது நியாயமான சந்தேகம்தான், புதுசா சுடுறவங்க நிறைய பேரு செய்யுற தப்பு அது. அதனால நான் நம்பிட்டேன். பேரல் நுனியில ஒரு ரூபாய் காசை வெச்சு, அது விழாம வெறும் ட்ரிகரை அழுத்திப் பழகினேன். வாரக்கணக்கா. காசு விழல. ஆனா குண்டு மட்டும் இடது பக்கமே போச்சு.

அப்புறம் நானா ஒரு வழி கண்டுபிடிச்சேன். நடுவுல குறி வைக்காம, கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக் குறி வெச்சேன். சில சமயம் சரியா விழுந்துச்சு. ஆனா வெறும் வெள்ளைப் பேப்பர்ல ஒண்ணுமே இல்லாத ஒரு புள்ளிய ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கற்பனை பண்ண முடியாது. குரூப் கலைஞ்சு போச்சு. டீ கப் தட்டு சைஸ் ஆயிடுச்சு. செலக்‌ஷன்ல என் பேரு வரல.

இங்க கொஞ்சம் கணக்கு பேசலாம், எட்டாங்கிளாஸ் வடிவொத்த முக்கோணம்தான். ஃபோர்சைட்டுக்கும் பேக்சைட்டுக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கு இல்லையா, எங்க ரைஃபிள்ல அது ஏறக்குறைய அரை மீட்டர். டார்கெட் 25 மீட்டர். அதாவது அம்பது மடங்கு. ஃபோர்சைட் ஒரு மில்லிமீட்டர் தப்பான இடத்துல இருந்தா, டார்கெட்ல அம்பது மில்லிமீட்டர், அதாவது அஞ்சு சென்டிமீட்டர் தப்பும். என்னோட ஆறு சென்டிமீட்டருக்குக் காரணம் 1.2 மில்லிமீட்டர். ரெண்டு ஏ.டி.எம். கார்டை அடுக்கினா வர்ற தடிமன் கூட இல்ல.

ஏ.கே. ரைஃபிள்ல இந்தக் கணக்கு இன்னும் மோசம், ஏன்னா அதுல ரெண்டு சைட்டுக்கும் இடையில 378 மில்லிமீட்டர்தான். ஃபோர்சைட்டைப் பக்கவாட்டுல ஒரு மில்லிமீட்டர் தள்ளினா 100 மீட்டர்ல 26 சென்டிமீட்டர் மாறும். மேல கீழ மாத்தணும்னா அந்தக் குச்சியே ஒரு ஸ்க்ரூ மாதிரி, திருகி ஏத்தி இறக்கலாம். ஒரு முழுச் சுத்து 20 சென்டிமீட்டர். அதைத் திருகுறதுக்கான கருவி, துப்பாக்கியைத் துடைக்கிற சாமானோட சேர்த்து பட் உள்ளேயே ஒரு டப்பாவுல இருக்கும். பக்கவாட்டுல தள்ளத்தான் தனியா கிராம்ப் வேணும்.

அமெரிக்காக்காரங்க எம்16ல வேற மாதிரி யோசிச்சாங்க. சிப்பாய் கையில எல்லா நேரமும் இருக்கிற கூரான பொருள் எது? தோட்டா! அதோட முனையால ஒரு சின்ன பின்னை அழுத்திட்டு ஃபோர்சைட்டைத் திருப்பலாம். எம்16ஏ1ல ஒரு கிளிக் திருப்பினா 100 மீட்டர்ல ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் மாறும். இதுக்குன்னு தனிக் கருவியும் வந்துச்சு, ஆனா ஏ1க்கு அஞ்சு பல், ஏ2க்கு நாலு பல். ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுக்கு உக்காராது. போன் சார்ஜர் கதைதான்.

நம்ம ஊர் போலீஸ் கையில ரொம்ப நாள் இருந்த .303 இருக்கே, லீ என்ஃபீல்ட், அதுல திருகுற வேலையே கிடையாது. ஃபோர்சைட் ஒரு சின்னத் தகடு. பல உயரத்துல தகடு செஞ்சு வெச்சிருப்பாங்க, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 0.015 அங்குலம் வித்தியாசம், நம்ம கணக்குல 0.38 மில்லிமீட்டர். குண்டு மேல போனா உயரமான தகடு, கீழ போனா குட்டையான தகடு. பக்கவாட்டுல சரி பண்ண கிராம்ப். இதெல்லாம் ஆர்மரர் பாக்குற வேலை, சிப்பாய் கை வைக்கக் கூடாது.

இதுல எல்லாரையும் குழப்புற ஒரு விஷயம் இருக்கு. குண்டு இடது பக்கம் போகுது, அப்போ ஃபோர்சைட்டை எந்தப் பக்கம் தள்ளணும்? வலதுன்னுதானே தோணும்? இல்ல. இடது பக்கமேதான். ஃபோர்சைட் இடது பக்கம் நகர்ந்தா, அதைத் திரும்ப நேர்கோட்டுக்குக் கொண்டுவர நீங்க பேரலை வலது பக்கம் திருப்புவீங்க, குண்டும் வலது பக்கம் வரும். அதே மாதிரி குண்டு மேல போனா ஃபோர்சைட்டை உயர்த்தணும். பேக்சைட்டா இருந்தா நேர்மாறு, குண்டு எங்க போகணுமோ அந்தப் பக்கமே நகர்த்தலாம். ஒரு பேனாவையும் விரலையும் வெச்சு செஞ்சு பாருங்க, புரிஞ்சிடும். பஸ்ல வேணாம்.

சரி, கதைக்கு வருவோம். அடுத்த வருஷம் புது ஸ்டாஃப் வந்தாரு. ஹவில்தார், திருநெல்வேலிப் பக்கம். என் டார்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம், "எம்மா, ட்ரிகரை இழுக்கிற ஆளுக்கு இப்படி குரூப் வராது. அந்த ரைஃபிளைக் கொண்டா"ன்னாரு. படுத்தாரு. அஞ்சு ரவுண்டு. எழுந்து போய்ப் பாத்தா, நடுவுக்கு இடது பக்கம் ஆறு சென்டிமீட்டர்.

ஃபோர்சைட்டை வெயில்ல பிடிச்சுக் காட்டினாரு. உக்கார்ற காடி நடுவுல ஒரு கோடு இருக்கும், தகடு அந்தக் கோட்டுல இல்ல. ஓரத்துல பளபளன்னு ஒரு தழும்பு. யாரோ ஆணியையோ எதையோ வெச்சு சுத்தியால தட்டியிருக்காங்க. சுத்தியில அதான் சிக்கல். முதல் ரெண்டு அடிக்கு அசையாது, மூணாவது அடிக்குத் தாண்டிப் போயிடும். கிராம்ப்ல அப்படி இல்ல, திருகுற அளவுக்குத்தான் நகரும், போதும்னா நிறுத்திக்கலாம்.

அந்த வாரக் கடைசியில ஆர்மரர் வந்தாரு. துணிப்பையில இருந்து கிராம்ப்பை எடுத்துக் கவ்வ வெச்சு, ஸ்க்ரூவைத் திருகினாரு. ஒரு சுத்து, கொஞ்சம் நிறுத்தம், இன்னும் ஒரு கால் சுத்து. ஸ்டாஃப் அஞ்சு சுட்டாரு. இன்னும் ஒரு துளி திருகல். மறுபடி அஞ்சு. நடுவுல. மொத்தம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். நான் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தேன். சந்தோஷம் வரும்னு நினைச்சேன். வரல. இருபது நிமிஷ வேலைக்கு ஒரு வருஷமா காசை பேரல்ல வெச்சுக்கிட்டு படுத்திருந்தேனே!

அப்புறம் நான் சுட்டேன். குண்டு வலது பக்கம் போச்சு.

ஆமா. ஒரு வருஷமா வலது பக்கம் தள்ளிக் குறி வெச்ச கண்ணு, இப்போ ரைஃபிள் சரியானதும் அதையே செய்யுது. ரைஃபிளைச் சரி பண்ண கருவி இருக்கு. என்னைச் சரி பண்ண மூணு மாசம் ஆச்சு. "முதல்ல ரைஃபிளை நம்பு, அப்புறம் பேப்பரைப் பாரு"ன்னு ஸ்டாஃப் தினமும் சொல்லுவாரு. நம்புறது அவ்வளவு சுலபமா இல்ல.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறவங்களுக்கு இதெல்லாம் இல்ல, கைவிரலாலயே திருப்புற குமிழ்தான், கிளிக் கிளிக்னு. ஆனா அங்க 10 புள்ளி வட்டமே அரை மில்லிமீட்டர் புள்ளி. 2008 பெய்ஜிங் ஃபைனலுக்கு முன்னாடி அபினவ் பிந்த்ராவோட பயிற்சிக் குண்டு எங்கேயோ போயிடுச்சு. யாரோ சைட்டைத் தொட்டிருப்பாங்கன்னு அவர் பின்னாடி சந்தேகம் சொன்னாரு. நேரம் ஓடிட்டிருக்கும்போதே சரி பண்ணிட்டு, கடைசிக் குண்டுல 10.8 அடிச்சுத் தங்கம் வாங்கினாரு. அவருக்குத் தன் ரைஃபிள் மேல சந்தேகப்படத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு என் மேல மட்டும்தான் சந்தேகம் வந்துச்சு.

இந்த எபிசோடுக்கு எழுதும்போதுதான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எனக்கு அடுத்த பேட்ச்ல ஒரு பொண்ணு, அவளும் நம்பர் 11தான். ரைஃபிள் சரியாகுறதுக்கு முந்தின மாசமே "எனக்கு இது வராதுக்கா"ன்னு ஃபயரிங்கை விட்டுட்டா. போன வாரம் நம்பர் தேடிக் கூப்பிட்டேன். சுத்தி, ஆணி, 1.2 மில்லிமீட்டர், எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா, "அக்கா, எனக்கும் இடது பக்கம்தானே போச்சு?"

ஆமா, இடது பக்கம்தான்னு சொன்னேன்.