கிணற்றடியில் தொடங்கும் பசுமை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் சூழலைப் பேணி வாழ்வது பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். வைத்தியர் என்றபடியால் நோயைப் பற்றித்தான் பேசுவோம் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். நோயைப் பற்றியும் பேசப்போகிறோம். ஆனால் கிணற்றடியிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் வகுப்பினர் 1990 இல் ஆறாம் ஆண்டில் இருந்தோம். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்துப் புதுக் கொப்பி செய்தோம். சவர்க்காரத் துண்டு கரைந்து முடியும்வரை கைவிடவில்லை. பாட்டுக் கேட்க ஆசை வந்தால் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்க வேண்டும். டைனமோவில் வானொலி பாடும்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பொருளாதாரத் தடை கொடுமையானது. மருந்தில்லாமல் போன உயிர்களை இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் அறிவீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் வரவே கூடாது. ஆனால் அந்தக் காலம் எங்கள் கைகளுக்கு ஒன்றைப் பழக்கியது. ஒரு பொருளை எறிவதற்கு முன் இரண்டு தரம் யோசிப்பது அது.

தண்ணீரின் அருமையை 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவுக்குப் பிறகு கற்றோம். வலிகாமம் முழுவதும் நடந்து தென்மராட்சிக்குப் போனது. ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய கிணற்றைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள். பகலில் வாளி சேற்றைத்தான் அள்ளும். நள்ளிரவில் நீர் ஊறும்வரை அம்மாமார் வாளியோடு காத்திருந்தார்கள். முகம் கழுவிய நீரில் கால் கழுவினோம். வயிற்றோட்டம் பரவியபோது, ஒரு குவளை சுத்தமான நீர் ஒரு பிள்ளையின் உயிர் என்பதைக் கண்ணால் கண்டோம்.

பாதை திறந்தது. கடைகள் நிறைந்தன. நாங்களும் வேலை, வீடு, வாகனம் என்று வளர்ந்தோம். பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்தோம், செருப்பில் மண் ஒட்டக்கூடாது என்று. மூன்று குளியலறைகள், மூன்று மலசலகூடங்கள், பின்னால் அடி பூசாத ஒரு குழி. முன்னர் ஒரே வளவாக இருந்த காணி சீதனத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தது. பாட்டியின் காலத்தில் கிணறு ஒரு மூலையிலும் மலசலகூடம் மறுகோடியிலும் இருந்தன. இப்போது மூன்று துண்டுக் காணியிலும் தனித்தனிக் கிணறு, தனித்தனிக் குழி. எங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது பக்கத்து வீட்டுக் குழி. அவர்களுடைய கிணற்றுக்கு அருகில் இருந்தது எங்களுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து தங்கை மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குப் புட்டிப்பால். அம்மா கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பால் மா கரைத்தார். தங்கை, "அக்கா, இந்தத் தண்ணிய சோதிச்சனீங்களோ?" என்று கேட்டாள். "கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்?" என்றார் அம்மா. மற்றவர்கள் வீட்டு நீரைச் சோதிக்கச் சொல்லும் நாங்கள் எங்கள் கிணற்றை ஒருநாளும் சோதித்ததில்லை. வெட்கத்தோடு ஒரு போத்தல் நீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று, லீற்றருக்கு 72 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 50.

இந்த இடத்தில் கொஞ்சம் வைத்தியம் பேச வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால், மிஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கடுமையானால் உயிருக்கே ஆபத்து. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எங்கள் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வேறு நீரில்தான் பால் கரைத்தோம். ஆனால் அன்றிரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீருக்கு மேல் வில்லை போல மிதக்கிறது. அந்த வில்லைதான் எங்கள் எல்லோருடைய கிணறும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலே எதைக் கொட்டினாலும் அந்த வெடிப்புகளின் வழியே இறங்கும். தோட்டத்துக்கு அளவின்றிப் போடும் யூரியாவும் இறங்கும், அடி பூசாத குழியின் கழிவும் இறங்கும்.

அதனால் எங்கள் வீட்டில் பசுமை என்பது மரம் நடுவதில் தொடங்கவில்லை. குழியில்தான் தொடங்கியது. அடியும் பக்கமும் சீமெந்து பூசி, கசியாத தாங்கியாக மாற்றினோம். நிரம்பினால் கழிவகற்றும் வண்டியைக் கூப்பிட வேண்டும். அதற்குக் காசு. எனவே ஒரு தரத்துக்கு எத்தனை லீற்றர் ஊற்றுகிறோம் என்று வீட்டில் எல்லோரும் தாமாகவே பார்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது கூரை. யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர் மழை, பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1000 சதுர அடிக் கூரையில் அது ஒரு லட்சம் லீற்றருக்கு மேல். வீணாவதைக் கழித்தாலும் 80,000 லீற்றர் தேறும். அதை நாங்கள் இத்தனை காலமும் ஒழுங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பீலி போட்டு, முதல் மழையில் கூரையைக் கழுவ விட்டு, பிறகு வருவதை வடிகட்டித் தாங்கியில் சேர்க்கிறோம். மிஞ்சுவது மண்ணுக்குள் இறங்குகிறது. முற்றத்துச் சீமெந்துக் கல்லில் பாதியைக் கிளப்பிவிட்டோம். அயலில் ஒரு அம்மா, "டொக்டர் வீட்டில மழைத்தண்ணி குடிக்கிற நிலைமையோ?" என்று கேட்டார். ஓம் என்றோம்.

பாத்திரம் கழுவும் நீர் வாழைக்குப் போகிறது. மரக்கறித் தோலும் இலைச்சருகும் கோடிப்புறக் கிடங்கில் எருவாகின்றன. அந்த எருவில் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரையும் நிற்கின்றன. இவை புதியவை அல்ல. பாட்டி செய்தவைதான். நாங்கள் நடுவில் இருபது ஆண்டுகள் மறந்திருந்தோம்.

பாட்டி செய்ததில் ஒன்றை மட்டும் நாங்கள் செய்யக்கூடாது. அவர் மாலையில் முற்றம் கூட்டிக் குப்பையைக் கொளுத்துவார். அவருடைய குப்பையில் இருந்தது சருகு. எங்கள் குப்பையில் பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் இருக்கின்றன. பிவிசி எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. இழுப்புள்ள பிள்ளைக்கு அந்தப் புகையே போதும் அன்றிரவு வைத்தியசாலைக்கு வர. மிஞ்சும் சாம்பல் மழையோடு கிணற்றுக்கு இறங்கும். எரிக்கக்கூடாதென்றால் என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதுதான் முதல் வழி. சந்தைக்குப் பனையோலைப் பையோ துணிப்பையோ கொண்டு போகிறோம். கடைச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் கொண்டு போகிறோம். இன்று இந்த மண்டபத்தில் தண்ணீர்ப் போத்தல் வேண்டாமென்று கேட்டதும் நாங்கள்தான். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

எறிந்த யோகட் கப், சிரட்டை, இளநீர்க் கோம்பை ஒவ்வொன்றும் மாரிக்கு டெங்கு நுளம்பின் தொட்டில். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒருநாள் வளவைச் சுற்றி வாருங்கள். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. பெண்கள் பாடசாலையில் பேசாமல் இதை எங்கே பேசுவது? கடையில் வாங்கும் மாதவிடாய்த் துவாய்களில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்ரிக் உண்டு. அவற்றை மலசலகூடத்துக்குள் போட்டால் குழாய் அடைக்கும். கொளுத்தினால் நச்சுப் புகை. துணித் துவாயை நன்றாகச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டுப் பாவித்தால் அதில் எந்தக் கேடும் இல்லை. கேடு, வெட்கத்தால் அதைக் கட்டிலுக்குக் கீழே இருட்டில் காயப்போடுவதில்தான். வெயில் படும் கொடி ஒன்றை வீட்டில் உங்கள் மகள்மாருக்குக் கொடுங்கள். கடைத் துவாய்தான் வசதி என்கிற பிள்ளையைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். சுற்றி மூடிய வாளியில் போட்டு, குப்பை வண்டியிடம் ஒப்படைக்கலாம்.

இரண்டு ஆண்டுகளின் பின் கிணற்று நீரை மறுபடி சோதித்தோம். 58. குறைந்திருந்தது. ஆனால் எல்லைக்குள் வரவில்லை. எங்கள் குழியைப் பூசினோம், அயலாருடையது அப்படியே இருந்தது. வளவுக்கு வேலி உண்டு, நிலத்தடியில் வேலி இல்லை. சோதனைத் தாளோடு அயல் வீடுகளுக்குப் போனோம். எங்கள் குழி அவர்கள் கிணற்றுக்குச் செய்ததை முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அதன் பிறகுதான் மற்றதைப் பேச முடிந்தது. ஒரு வீட்டில் தாங்கி கட்டிவிட்டார்கள். மற்ற வீட்டில் வரும் கோடையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சோதனைக்காகக் காத்திருக்கிறோம்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே குப்பையை நிறம் நிறமான வாளிகளில் தரம்பிரித்துப் போடுகிறீர்கள். இங்கே ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போதும் அந்தப் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். ஊரில் வீடு கட்டக் காசு அனுப்பும்போது, தரைக்கு எந்த மாபிள் என்று கேட்பதற்கு முன், குழி எங்கே, அடி பூசியதா, கூரைக்குப் பீலி உண்டா என்று கேளுங்கள். நீங்கள் பதினைந்து நாள் தங்கும் வீட்டின் கிணற்றிலிருந்து அயலில் யாரோ ஒரு தாய் ஆண்டு முழுவதும் குடிக்கிறாள்.

இந்தப் பாடசாலைக்கு நூறு வயது. அந்த நூறு ஆண்டும் எங்களுக்கு நீர் தந்தது இந்தக் கிணறு. இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய், இரண்டு கையையும் ஏந்தி, தோழி வாளியைச் சரிக்கக் குடித்தோம். சீருடை நனைந்து ஏச்சு வாங்கினோம். அந்த நீர் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நூற்றாண்டு நினைவாக எங்கள் வகுப்பினர் இரண்டு காரியங்களைப் பொறுப்பேற்கிறோம். பாடசாலைக் கிணற்றை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை, நல்லதோ கெட்டதோ, அறிவித்தற் பலகையில் போடுவோம். இந்த மண்டபத்தின் கூரை நீரைச் சேர்க்க ஒரு தாங்கி கட்டித் தருவோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊரில் வீடுள்ள ஒவ்வொரு பழைய மாணவியும், இந்த நூற்றாண்டில் உங்கள் வீட்டுக் கிணற்றை ஒரு தடவை சோதியுங்கள். முடிவு நல்லதாக இருந்தால் மகிழுங்கள். இல்லாவிட்டால் அயல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இருநூறாவது ஆண்டு விழாவில் நாங்கள் யாரும் இருக்கப்போவதில்லை. அன்றைக்கும் இடைவேளை மணி அடித்ததும் ஒரு பிள்ளை ஓடிவந்து கையேந்திக் குடிக்க வேண்டும். அவளுக்காகத்தான் இதெல்லாம்.