கணுக்கால் மூட்டு மாற்று சிகிச்சை: பயனைக் கணக்கிடுவது எப்படி?

(பொதுச் சுகாதார நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு திட்டத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்னும் கேள்வி உங்கள் அனைவருக்கும் பழக்கமானது. வெட்டிய கிணறுகளை எண்ணுவதா, அவற்றின் நீரால் விளைந்த வயல்களை எண்ணுவதா என்று வகுப்புகளில் விவாதிக்கிறீர்கள். அதே கேள்வியை இன்று மருத்துவமனைக்குள் கொண்டுவர விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாகக் கணுக்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைத் தேர்ந்துகொண்டேன். இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றுவது பற்றி அனைவரும் அறிவர். கணுக்கால் மூட்டையும் மாற்றலாம் என்பதைப் பலர் அறியார். எண்ணிக்கையில் இது சிறிய சிகிச்சையே. ஆயினும் செய்த சிகிச்சைக்கும் கிடைத்த பயனுக்கும் இடையே உள்ள தூரத்தை இது தெளிவாகக் காட்டுகிறது.

நோயின் தன்மை

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் முதுமையில் தேய்கின்றன. கணுக்கால் அப்படியன்று. கணுக்கால் தேய்வுக்கு ஆளாவோரில் பெரும்பாலோர், முன்பு அம்மூட்டில் எலும்பு முறிவோ கடுமையான சுளுக்கோ கண்டவர்கள். முடக்குவாதத்தால் வருந்துவோர் அடுத்த நிலையில் உள்ளனர். ஆகவே இந்நோயாளிகளில் உழைக்கும் வயதினர் மிகுதி. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 4,43,366 பேர் காயமுற்றனர் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. இவர்களுள் கால் முறிந்தோர் சிலருக்கு, காயம் ஆறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் மூட்டு வலி தோன்றும். சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தோர் இக்கணக்கில் சேரார்.

கணுக்கால் சிறிய மூட்டு. எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு, முழங்காலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. நடக்கும்போது அதன்மேல் விழும் பாரமோ உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு வரை உயரும். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கும் செயற்கை மூட்டைச் செய்வது எளிதன்று.

இரு வழிகள்

மருந்து, காலணி மாற்றம், ஊன்றுகோல் ஆகியவற்றால் வலி தீராதபோது மருத்துவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தேய்ந்த பரப்பை நீக்கி இரு எலும்புகளையும் திருகாணிகளால் இணைத்து ஒன்றாக வளரச் செய்வது. வலி போகும், மூட்டின் அசைவும் போகும். இரண்டாவது, எலும்பு முனைகளில் உலோகத்தைப் பொருத்தி, இடையே பாலிஎத்திலீன் தகட்டை வைத்து அசைவைக் காப்பது. இதுவே மூட்டு மாற்று.

மாற்று மூட்டின் தொடக்கம் நமக்கு ஒரு பாடம். 1970இல் பிரான்சு நாட்டில் லார்டு, மரோட் என்னும் மருத்துவர்கள் இதைச் செய்தனர். பத்தாண்டு கழித்து, தாம் சிகிச்சை செய்த 25 நோயாளிகளின் நிலையைத் தாமே வெளியிட்டனர். அவர்களுள் 7 பேருக்கே பயன் நிறைவாக இருந்தது. தம் தோல்வியை மறைக்காமல் எண்ணிச் சொன்னதால், பின்வந்தோர் அதே வடிவத்தைத் தொடராமல் வேறு வடிவங்களைத் தேடினர். கணக்கு வைப்பதன் முதற்பயன் இதுதான்.

இன்றைய முடிவுகள்

இன்றைய மூட்டுகள் மிகவும் மேம்பட்டவை. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 50 முதல் 85 வயது வரையுள்ள 303 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூட்டு மாற்றும் மறு பிரிவினருக்கு எலும்பு இணைப்பும் செய்தனர். 2022இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் நிற்பதிலும் நடப்பதிலும் இரு பிரிவினரும் பெருமளவு முன்னேறியிருந்தனர். இரண்டு முறைகளுக்கும் இடையே ஐயமற்ற வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இடர்கள் வேறுபட்டன. புண் ஆறுவதில் தடை, மாற்று மூட்டில் 13 விழுக்காட்டினருக்கும் இணைப்பில் 6 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. நரம்புப் பாதிப்பும் மாற்று மூட்டில்தான் மிகுதி. இணைப்பிலோ, ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு எலும்பு சேராமல் தொல்லை நீடித்தது.

ஓராண்டு போதுமா? போதாது. ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டில் இருந்த 780 கணுக்கால் மூட்டுகளை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வந்தது. அதன்படி 5 ஆண்டு முடிவில் 81 விழுக்காடும் 10 ஆண்டு முடிவில் 69 விழுக்காடும் மறு சிகிச்சையின்றி நிலைத்தன. செயற்கை முழங்கால்கள் பத்தாண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் நிலைப்பதோடு இதை ஒப்பிடுங்கள். இணைப்பு முறைக்கும் நீண்டகாலச் செலவு உண்டு. அசையாத மூட்டின் வேலையை அருகிலுள்ள மூட்டுகள் ஏற்பதால், ஆண்டுகள் செல்லச்செல்ல அவை தேய்கின்றன.

எவருக்கு எது என்பது இதனால்தான் ஆளைப் பொறுத்தது. கடும் உடலுழைப்புச் செய்யும் இளைஞருக்கு மாற்று மூட்டு விரைவில் தளரும் என்பதால் பொதுவாக இணைப்பையே பரிந்துரைக்கிறோம். இரு கால்களிலும் நோயுள்ள, மிதமாக நடமாடும் முதியவருக்கு மாற்று மூட்டு பொருந்தலாம்.

ஒரு கொத்தனாரின் கணக்கு

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தனார் என்னிடம் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கி, மூன்றாண்டு வலியோடு நடந்தவர். எலும்பு இணைப்புச் செய்தோம். நன்றாகச் சேர்ந்தது. எக்ஸ்ரே படத்தை மாணவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். பதிவேட்டில் ‘குணம்’ என்று எழுதி அனுப்பினோம்.

ஒன்றரை ஆண்டு கழித்து, தம் மனைவியின் சிகிச்சைக்காக வந்தவரைத் தாழ்வாரத்தில் கண்டேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வலி போய்விட்டது ஐயா. ஆனால் சாரத்தில் ஏற முடியவில்லை. குத்துக்காலிட்டு உட்காரவும் முடியவில்லை. இப்போது கீழே நின்று கலவை கலக்கிறேன். சித்தாள் கூலிதான் கிடைக்கிறது” என்றார்.

வேறு சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் கருதவில்லை. ஆனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. பின்னர் விசாரிக்கவும் இல்லை. அன்று அவர் தற்செயலாக எதிர்ப்பட்டிராவிட்டால் எங்கள் ஏட்டில் அவர் இன்றுவரை ‘குணம்’தான்.

மேலை நாடுகளில் நோயாளியையே கேட்டு மதிப்பெண் இடும் வினாத்தாள்கள் உண்டு. நாம் அவற்றை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நம் மக்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உண்கிறார்கள், தரைமட்டக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள், தொழுகையில் மண்டியிடுகிறார்கள், வெறுங்காலுடன் வரப்பில் நடக்கிறார்கள். இவற்றைக் கேட்காத வினாத்தாள் நம் நோயாளியின் பயனை அளக்காது. பழைய கூலிக்குத் திரும்பினாரா என்ற வினாவும் அதில் இடம்பெற வேண்டும்.

பதிவேட்டின் தேவை

தனி மருத்துவரின் மறதி ஒரு கொத்தனாரைப் பாதித்தது. ஒரு நாட்டின் மறதி ஆயிரக்கணக்கானோரைப் பாதிக்கும். 2010இல் ஒருவகைச் செயற்கை இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அது விரைவில் பழுதாவதை ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பதிவேடுகள் காட்டிக்கொடுத்தன. நம் நாட்டில் அம்மூட்டைப் பொருத்தச் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. பின்னர் அரசு அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 3,600 நோயாளிகளைக் கண்டுபிடிக்க இயலவில்லை. மூட்டு அவர்கள் உடலில் இருந்தது; அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் தேடி எடுக்கும்படி இல்லை.

ஸ்வீடன் 1975இலேயே முழங்கால் மூட்டுப் பதிவேட்டைத் தொடங்கியது. பிரிட்டனின் தேசியப் பதிவேடு 2010இல் கணுக்கால் மூட்டையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் மருத்துவர் சங்கத்தின் முயற்சியால் இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு உண்டு. ஆனால் விரும்பிய மருத்துவரே அதில் பதிகிறார்.

இது நம்மால் ஆகாத செயலன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கி, பெங்களூர், பம்பாய், சென்னை நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையில் கணக்கெடுக்க வழி செய்தது. கணினி அரிதாயிருந்த காலத்தில், ஊழியர்கள் மருத்துவமனை தோறும் சென்று எழுதி வந்த கணக்கு அது. இன்றோ 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், விரும்பும் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் வழங்குகிறது. பொருத்திய மூட்டின் வரிசை எண்ணை, நோயாளியின் இசைவுடன், இந்த எண்ணோடு இணைத்தால் அவர் எந்த மாநிலத்துக்கு வேலை தேடிச் சென்றாலும் கண்டறியலாம்.

செய்ய வேண்டியவை

மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பொதுப்பணத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். இரண்டாவது, ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் பத்தாண்டிலும் நோயாளியை விசாரிக்க வேண்டும். அவர் மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைத்தோ கிராமச் சுகாதார ஊழியர் வழியாகவோ கேட்கலாம். மூன்றாவது, கிடைத்த விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தோல்விகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

2017இல் செயற்கை முழங்காலுக்கு அரசு விலை வரம்பு விதித்தது. மக்கள் பயன் பெற்றனர். விலை ஒரு பாதிதான். கொடுத்த விலைக்கு எத்தனை ஆண்டு நடை கிடைத்தது என்பது மறு பாதி. அதை நாம் இன்னும் கணக்கிடத் தொடங்கவில்லை.

உங்களுள் சிலர் நாளை மாவட்டங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்பீர்கள். ‘இவ்வாண்டு இத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன’ என்னும் அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். கையொப்பமிடுமுன், சென்ற ஆண்டு சிகிச்சை பெற்றவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் உரிய காலத்தில் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.